இந்த இடம் ஏன் காலி?

நேர்காணல் முடியும்போது எதிரில் இருப்பவரிடம் நாங்கள் ஒன்று கேட்போம். "எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா?" ஒப்புக்குக் கேட்பதுதான். பந்தியில் இலையை மடக்கியவரிடம் இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா என்று கேட்கிற மாதிரி. பெரும்பாலானவர்கள் சிரித்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்பிவிடுவார்கள். விவரமான ஆட்கள் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்பார்கள். "இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது?"

அதற்கு எங்களிடம் பதில்கள் தயாராக இருக்கும். இருந்தவர் பதவி உயர்வில் போய்விட்டார். நிறுவனம் வளர்கிறது, அதனால் புதிதாக ஓர் இடம். இருந்தவர் சொந்தக் காரணங்களுக்காக விலகிவிட்டார். இவற்றில் உண்மையும் இருக்கும், பாதி உண்மையும் இருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் பெரிய கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவள் நான். ஒரு கம்பெனியில் ஆளெடுப்புப் பிரிவுக்கே தலைவியாக இருந்தேன். எந்தப் பதிலையும் முகம் மாறாமல் சொல்லிவிடுவேன். என் சொந்த நாற்காலியைப் பற்றி ஒருத்தி கேட்டபோதுதான் அவற்றில் ஒன்றும் உதவவில்லை.

கொரோனா காலத்தில் சென்னையிலிருந்து சங்கரன்கோவிலுக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். காரணம் அம்மா. அம்மா இந்த ஊர் மிஷன் பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். அப்பா போன பிறகு அவளுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுவந்தது. என் பெயர் சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் தெரு மட்டும் இருந்தது. வீட்டிலிருந்து சர்ச்சுக்கும் அங்கிருந்து வீட்டுக்கும் தனியாகவே போய் வருவாள். கொஞ்சம் வழி மாறினாலும் யாராவது "டீச்சர், இங்கன வாங்க" என்று கூட்டிவந்து விட்டுவிடுவார்கள். ஊரில் பாதிப் பேர் அவளிடம் குட்டு வாங்கியவர்கள்.

ஒருமுறை சென்னைக்குக் கூட்டிப்போய் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தேன். அங்கே இருந்த நாளெல்லாம் அடுக்குமாடி வீட்டின் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள். "ஏட்டி, பெல் அடிச்சு எவ்வளவு நேரமாச்சு, கதவத் திற, நான் வீட்டுக்குப் போவணும்." சோறு வைத்தால் தள்ளிவிட்டாள். பொறுக்கமுடியாமல் ரயிலேற்றித் திரும்பக் கொண்டுவந்தேன். சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கியதும், நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் பாட்டுக்கு நடந்து வீட்டுக்குப் போய்விட்டாள். நான் ஆட்டோ பிடித்து வந்து பார்த்தால் பூட்டிய கதவின் முன்னால் உட்கார்ந்து "இவ்வளவு நேரமா?" என்று என்னையே அதட்டுகிறாள். அன்றைக்கு முடிவு செய்தேன், இவளை இனி இந்த ஊரைவிட்டு அசைக்கக் கூடாது என்று. அவளை விட்டுவிட்டு நானும் போக முடியாது.

ஆகவே மாடி அறைதான் என் அலுவலகம். அந்த அறையைப் பார்த்தால் யாருக்கும் மூச்சு முட்டும். எங்கள் சுவரை ஒட்டி அண்ணாச்சி ஒருவரின் தறி செட்டு. விசைத்தறிகள் காலையில் தொடங்கினால் இருட்டிய பிறகும் ஓடும். சத்தத்துக்காக ஜன்னலைச் சாத்தி அதன்மேல் பழைய மெத்தையைச் சாய்த்து வைத்திருந்தேன். மைக்கில் இரைகிறது என்று மின்விசிறியையும் நிறுத்திவிடுவேன். சித்திரை மாதத்தில் அந்த அறைக்குள் கோட்டு மாட்டிக்கொண்டு, முதுகில் வியர்வை ஒழுக, "எங்கள் நிறுவனத்தின் பணிச்சூழல் மிகவும் சுதந்திரமானது" என்று பேசிக்கொண்டிருப்பேன்.

எனக்குப் பின்னால் திரையில் தெரிவது மெத்தை இல்லை. சென்னை அலுவலகத்தின் பெரிய கண்ணாடிச் சுவர், அதற்கப்பால் கட்டடங்கள். கம்பெனியே கொடுத்த பின்னணிப் படம். எல்லாத் தலைவர்களும் அதைத்தான் போட வேண்டும் என்று உத்தரவு. அம்மாவுக்கு இந்த விஷயமெல்லாம் தெரியாது. ஒருநாள் ஒரு பெரிய அதிகாரியை நேர்காணல் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடிச் சுவருக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் காப்பி டம்ளரோடு நீண்டு வந்தது. பிறகு தலை வந்தது. "சாப்ட்டியா மக்கா?" என்று அவரிடம் கேட்டது. அந்த மனிதர் எழுந்து நின்று "சாப்பிட்டேன் அம்மா" என்றார். அவரை நான் தேர்வு செய்தேன், அதற்காக மட்டும் இல்லை.

முக்கியமான நேர்காணல் என்றால் காலையிலேயே அண்ணாச்சியிடம் நேரத்தைச் சொல்லிவிடுவேன். அந்த நேரத்துக்கு எங்கள் சுவரை ஒட்டிய தறிகளை மட்டும் நிறுத்திவைப்பார். அம்மாவிடம் படித்தவர். "எத்தன பிள்ளைகளுக்கு வேல போட்டுக் குடுக்குத தாயி! அதுக்காவ கொஞ்ச நேரம் நிப்பாட்டுனா கொறஞ்சா போவேன்?" என்பார். நான் வேலை கொடுப்பதில்லை, கம்பெனிதான் கொடுக்கிறது, நான் வடிகட்டி மட்டுமே என்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அவர் காதில் ஏறாது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர் பிள்ளைகளின் பயோடேட்டாவை மஞ்சப்பையில் வைத்து எடுத்துக்கொண்டு வருவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் கம்பெனியில் காற்று மாறியது. எல்லாரும் அலுவலகத்துக்குத் திரும்புங்கள் என்று பேச்சு வந்தது. எனக்கு விதிவிலக்கு இருந்தது, ஆனால் விதிவிலக்கு என்பது வாடகை வீடு மாதிரி. எப்போது காலி பண்ணச் சொல்வார்களோ தெரியாது. அந்தச் சமயத்தில் எங்கள் மேலதிகாரி கூப்பிட்டார். "உங்க டீமுக்கு ஒரு சீனியர் ஆள் எடுக்கப் போறோம். அந்த வேலைக்கான விவரக் குறிப்பை நீங்களே எழுதிக் கொடுங்க. உங்களைவிட இது யாருக்குத் தெரியும்?"

எனக்கு ஒரு துணையாள் எடுக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். உள்ளுக்குள் ஒரு கணக்கும் போட்டேன். அலுவலகத்துக்கு நேரில் போய்ச் செய்ய வேண்டியதையெல்லாம் அந்த ஆளின் தலையில் கட்டிவிட்டால் என்னை யாரும் சென்னைக்குக் கூப்பிட மாட்டார்கள். அதனால் குறிப்பில் முதல் வரியாகவே எழுதினேன்: தினமும் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்ய எந்த நிலையிலும் அனுமதி இல்லை. "எந்த நிலையிலும்" என்பதைத் தடித்த எழுத்தில் போட்டேன். ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது என்று ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்த்தேன். விதிகளில் ஓட்டை அடைப்பதுதானே என் தொழில்.

சில நாள் கழித்து அவர் மறுபடி அழைத்தார். குறிப்பு மிகவும் நன்றாக இருக்கிறது என்றார். மேலிடத்தில் எல்லாருக்கும் பிடித்துவிட்டதாம். பிறகு தொண்டையைச் செருமினார். அந்தச் செருமல் எனக்குத் தெரியும். ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன்னால் எப்படிச் செரும வேண்டும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்ததே என் பிரிவுதான்.

"இது உங்க பொறுப்புக்கான இடம்தான். நீங்க சென்னைக்கு வந்தா முதல் உரிமை உங்களுக்கு. வரலைன்னா, நீங்களே ஒரு நல்ல ஆளை எடுத்துக் கொடுத்துட்டு, பொறுப்பை ஒப்படைச்சிட்டு..." மீதி எனக்குத் தெரியும், வேலையைவிட்டு விலக வேண்டும்.

"கொஞ்சம் தளர்த்த முடியாதா சார்? மாதத்தில் சில நாள் வருகிறேனே."

"நான் என்ன செய்ய? எந்த நிலையிலும்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க. அதை அப்படியே கொள்கையாவே எடுத்துக்கிட்டாங்க." அவர் கேலியாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் சுட்டது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்களே, அதைத் தடித்த எழுத்தில் செய்தவள் நான். யாரிடமும் அழக்கூட வழியில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை. ஆள் எடுத்து முடியும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்று வேறு சொல்லிவிட்டார்கள். என் டீமில் ஒருவருக்கும் தெரியாது. அம்மாவிடம் சொன்னேன். அவள் கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப பரீட்சை என்னைக்கு?" என்றாள்.

எல்லா வழியையும் யோசித்தேன். வருகிறவர்கள் எல்லாரையும் நொட்டை சொல்லித் தள்ளிக்கொண்டே இருந்தால் என்ன? முடியாது, நேர்காணல் முழுவதும் பதிவாகும், மேலே பார்ப்பார்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டுப் போனால்? வைத்துப் பார்த்தாயிற்று. வந்த பெண்ணை அம்மா "டிசி வாங்கிக்கிட்டுப் போ" என்று விரட்டிவிட்டாள். வேறு கம்பெனி? என் வயதில், என் சம்பளத்தில், சங்கரன்கோவில் மாடியிலிருந்து ஆளெடுப்புத் தலைவியாக வேலை செய்ய எந்தக் கம்பெனி விடும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கதவுகளை எல்லாம் மற்றவர்களுக்கு அடைத்துக்கொண்டிருந்தவளே நான்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நேர்காணல் தொடங்கியது. அண்ணாச்சியிடம் நேரம் சொன்னேன். "பெரிய வேலையா தாயி?" என்றார். "ஆமாம் அண்ணாச்சி, என் வேலை மாதிரி." "அப்ப அந்தப் பக்கத்துத் தறியையும் சேத்தே நிப்பாட்டிருதேன்." என் இடத்துக்கு ஆள் எடுக்க, என் பக்கத்து வீட்டுக்காரர் தன் பிழைப்பை நிறுத்தி உதவினார். நான் மாடியேறி, மெத்தையைச் சரிசெய்து, கண்ணாடிச் சுவரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் சாமானியர்கள் இல்லை. ஆனால் வாய் நிறையப் பேசினார்கள். ஒருவர் மனிதர்களை "வளம்" என்று சொல்லாமல் ஒரு வாக்கியம்கூடப் பேசவில்லை. இன்னொருவர் கடைசியில் கேட்டார், இந்த இடம் ஏன் காலியாக இருக்கிறது? "நிறுவனம் வளர்கிறது" என்றேன். அவர் திருப்தியாகத் தலையாட்டினார். எனக்கு அன்று முழுவதும் வாய் கசந்தது.

கடைசியாக வந்தவள் ஓர் இளம்பெண். முப்பதைத் தாண்டியிருக்கலாம். முந்தைய கம்பெனியில் அவளுடைய பிரிவையே மூடிவிட்டார்களாம். தற்போது வசிக்கும் ஊர் சென்னை என்று விண்ணப்பத்தில் இருந்தது. திரையில் அவளுக்குப் பின்னால் புத்தக அலமாரி, ஒரு செடி, மங்கலான வெளிச்சம். பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இவள்தான். வேலை கிடைக்காதவருக்கு என்ன பதில் அனுப்புவீர்கள் என்று கேட்டேன். "அனுப்ப மாட்டேன் மேடம், போன்ல கூப்பிட்டுச் சொல்லுவேன். ஒருத்தர் வீட்டுல எல்லாரும் காத்துக்கிட்டு இருப்பாங்க" என்றாள். என் இடத்தைப் பிடுங்க வந்தவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. தடக்கு தடக்கு என்று தறி. அண்ணாச்சி மறந்துவிட்டாரா என்று சுவரில் கையை வைத்துப் பார்த்தேன். தறி ஓடினால் சுவர் அதிரும். சுவர் சும்மா இருந்தது. சத்தம் அவள் பக்கத்திலிருந்து வந்தது.

"அது தறியாம்மா?" என்றேன்.

அவள் முகம் வெளுத்துவிட்டது. "சாரி மேடம். பக்கத்துல ஏதோ கட்டட வேலை..."

கட்டட வேலைக்கு இப்படி ஒரே தாளம் கிடையாது. எத்தனை வருஷமாக நான் அந்தச் சத்தத்துக்குள் வாழ்கிறேன்! விண்ணப்பத்தில் ஊரைப் பொய்யாகப் போடுபவரை நிராகரிக்க வேண்டும், அது விதி. அதை எழுதியதும் நான்தான். கை தானாகப் போய்ப் பதிவை நிறுத்தியது. பிறகு கண்ணாடிச் சுவரையும் எடுத்துவிட்டேன். மெத்தை, இரும்பு பீரோ, கொடியில் அம்மாவின் சேலை, எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

"பயப்படாத. நான் சங்கரன்கோவில்ல இருந்துதான் பேசுதேன். நீ எங்கன இருக்க?"

பிறகு அவளும் அலமாரியை எடுத்தாள். பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவரும் ஒரு பாதி திறந்த ஜன்னலும் தெரிந்தன. "கடையநல்லூர்க்கா. பக்கத்து வீட்டுல எவ்வளவோ சொல்லிட்டு வந்தேன், நிப்பாட்டுதேன்னாவ. நிப்பாட்டல." இருவருக்கும் சிரிப்பு வந்தது. பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு வந்துவிடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் சென்னையில் இருப்பதாக ஒருவரை ஒருவர் ஏமாற்றியிருக்கிறோம்.

சிரித்து முடித்ததும் அவள் கேட்டாள். "அக்கா, கேக்கக்கூடாதுதான். இந்த இடம் ஏன் காலியா இருக்கு?"

வளர்கிறது, விலகினார், உயர்ந்தார். ஒன்றும் வாயில் வரவில்லை. "காலியா இல்ல மக்கா. நான் உக்காந்திருக்கேன்" என்றேன்.

தறி மட்டும் ஓடியது. அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவளும் சொன்னாள். வாப்பா சவூதியில். தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தாயிற்று. உம்மாவுக்குச் சர்க்கரையில் கண் மங்கிவிட்டது, ஊசிகூட இவள்தான் போட்டுவிட வேண்டும். "வேல கிடச்ச பொறகு, கடையநல்லூர்ல இருந்தே பாக்கலாமான்னு கேக்கலாம்னு நெனச்சிருந்தேன்க்கா. முதல்லயே கேட்டா எடுக்க மாட்டீங்கன்னுதான் ஊர மாத்திப் போட்டேன். வழி இருக்கா?"

"இல்லம்மா."

"இந்தக் கண்டிஷன் போட்டவங்ககிட்ட யாராவது எடுத்துச் சொன்னா கேக்க மாட்டாங்களா?"

"போட்டது நான்தான்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டு வாங்கியதுபோல எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "அப்ப சென்னைக்குப் போயிருதேன்க்கா. வேற என்ன செய்ய?" என்றாள்.

பட்டியலில் அவளுக்கே முதலிடம் கொடுத்து அனுப்பினேன். தகுதியானவள், அதில் பொய் இல்லை. நான் தள்ளியிருந்தால் எனக்கு நாற்காலி மிஞ்சியிருக்காது, அவளுக்கும் கிடைத்திருக்காது. மேலே எல்லாருக்கும் பிடித்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அண்ணாச்சி வாசலில் நின்று கேட்டார். "அந்தப் பெரிய வேலைக்கு ஆளு கெடச்சாச்சா தாயி?"

"கெடச்சாச்சு அண்ணாச்சி. கடையநல்லூர்ப் பிள்ளை."

"நம்ம பக்கத்துப் பிள்ளையா! பாத்தியா, நான் தறிய நிப்பாட்டுனது வீண் போவல." அவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. எனக்கு அழுகை வந்ததை இருமலாக மாற்றிக்கொண்டு உள்ளே போனேன்.

அவள் சென்னையில் சேர்ந்ததும் பொறுப்பை ஒப்படைப்பதற்காக நாங்கள் தினமும் பேசினோம். கடைசி நாள் நான் மெத்தையை எடுத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். தறிகளை நிறுத்தச் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால் கண்ணாடிச் சுவர் இருந்தது. படம் இல்லை, நிஜமான சுவர். எத்தனையோ வருஷம் நான் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்த அதே கட்டடங்கள்.

"உம்மா எப்படி இருக்காவ?" என்றேன்.

"ஊசி போட ஒரு நர்ஸ் வருதாவ. உம்மாதான் போன்ல பேசவே மாட்டேங்குதா." சொல்லிவிட்டு அவள் கண்ணாடியைத் திரும்பிப் பார்த்தாள். "இங்க ஒரு சத்தமும் இல்லக்கா. ஜன்னலத் திறக்கவே முடியாது. ஒட்டி வச்சிருக்காவ."

அந்த நேரத்தில் அம்மா டம்ளரோடு வந்தாள். இந்த முறை சுவருக்குள்ளிருந்து இல்லை, கதவு வழியாக முழு ஆளாக வந்தாள். டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து திரையை உற்றுப் பார்த்தாள். கண்ணாடிக்குள் இருக்கும் பெண்ணைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். டீச்சராக இருந்த காலத்துக் கோபம் அப்படியே முகத்தில் வந்தது.

"ஏட்டி, பெல் அடிச்சாச்சுல்லா? அந்தப் பிள்ளைய ஏன் இன்னும் அடச்சு வச்சிருக்க? வீட்டுக்கு விடு."

திரையில் அவள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா போகவில்லை. நான் அந்தப் பிள்ளையை வெளியே விடுவதைப் பார்ப்பதற்காக என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.